மருந்தகத்தில் சொன்னதை நம்பலாமா?

கேள்வி: நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். இன்னும் ஐந்து வாரத்தில் தமிழ்நாடு போகிறோம். பழனி, ராமேஸ்வரம், பிறகு நாமக்கல் பக்கம் தாத்தாவின் ஊர், மொத்தம் மூன்று வாரம். அம்மாவுக்கு 68 வயது. சுகருக்கு மெட்ஃபார்மினும் இரவில் இன்சுலினும், ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோபிரிலும் எடுக்கிறார். மகனுக்கு 9 வயது. டவுன் பார்மசியில் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயோட்டிக் கேட்டேன். மருந்தாளர் அதைத் தரவில்லை. அதற்குப் பதில் அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, டைபாய்டு ஊசி, மகனுக்கு ஹெபடைட்டிஸ் ஏ (உணவு, தண்ணீர் வழியாகப் பரவும் கல்லீரல் நோய்) ஊசி, பேதியானால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். என்று எழுதிக் கொடுத்தார். "சாமான் விற்கத்தானே பேசுகிறார், தோட்டத்தில் எத்தனை பேர் எதுவும் போடாமல் போய் வந்தார்கள்" என்கிறார் என் கணவர். ஈப்போவுக்குப் போய் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: சகோதரி, விற்பதுதான் நோக்கம் என்றால் நீங்கள் கேட்ட ஆன்டிபயோட்டிக்கை முதலில் எடுத்துக் கொடுத்திருப்பார். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்க நம் நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. அவர் அந்தச் சட்டப்படி நடந்துகொண்டார், அவ்வளவுதான். அவர் எழுதிக் கொடுத்த ஊசிகளையும் அவர் கடையில் போட முடியாது, கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். பிரிட்டனிலும் கனடாவிலும் மருந்தாளர்களே பயண ஊசி போடுகிறார்கள். இங்கே அவர்களுடைய வேலை ஆலோசனை சொல்வதும் மருந்து கொடுப்பதும்தான். அந்த வேலையை உங்கள் மருந்தாளர் நன்றாகவே செய்திருக்கிறார். ஈப்போவுக்கு அலைய வேண்டாம்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். உல்லாசப் பயணம் போகிறவரைவிட சொந்தபந்தம் பார்க்கப் போகிறவருக்குத்தான் நோய் அதிகம் வருகிறது. "நம்ம ஊர்தானே" என்று ஊசி போடுவதில்லை. சொந்தக்காரர் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் மறுக்கவும் முடிவதில்லை.

டைபாய்டு ஊசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்னால் போட்டுவிடுங்கள். உங்களில் யாராவது சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவராக இருந்தால் ஏற்கெனவே போட்டிருப்பார், அது 3 ஆண்டுக்குள் போட்டதா என்று மட்டும் பாருங்கள். ஹெபடைட்டிஸ் ஏ மகனுக்கு அவசியம், உங்கள் இருவருக்கும் நல்லது. அம்மா தலைமுறையில் பலருக்குச் சின்ன வயதிலேயே அந்தத் தொற்று வந்து போயிருக்கும் என்பதால் அவருக்கு அது அவசரமில்லை. எல்லா கிளினிக்கிலும் அந்த ஊசி கைவசம் இருக்காது, இப்போதே போன் செய்து கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி இந்தப் பயணத்துக்குத் தேவையில்லை. மலேரியா மாத்திரையும் நீங்கள் போகும் ஊர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை, கொசு மருந்தும் முழுக்கைச் சட்டையும் போதும். ஒடிசா, அசாம் பக்கம் போவதாக இருந்தால் கதை வேறு.

எனக்குக் கவலை அம்மாவைப் பற்றித்தான். வாந்தி பேதி கடுமையாக இருக்கும்போது தொடர்ந்து கொடுத்தால் பெரிண்டோபிரில் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், மெட்ஃபார்மினால் ரத்தத்தில் அமிலம் சேரலாம். அந்த நாள்களில் இரண்டையும் நிறுத்திவையுங்கள். சரியாகச் சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் ஆனதும் மீண்டும் கொடுக்கலாம். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சுகர் பார்க்கும் கருவியைக் கூடவே எடுத்துப் போங்கள். உடம்பு முடியாத நாளில் எத்தனை யூனிட் என்பதைப் புறப்படும் முன் அம்மாவின் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேர வித்தியாசம்தான், அதற்காக இன்சுலின் நேரத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துவிட்டால் அந்த இன்சுலின் வீண். ஊசி, மருந்து பற்றி டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். மாதாமாதம் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) மருந்து எடுக்கிறவர் என்றால், பயணத் தேதியைக் காட்டி முழுப் பயணத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் கரையுங்கள். இங்கே வாங்குவது பெரும்பாலும் 250 மில்லி தண்ணீருக்கு, அங்கே விற்கும் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. அங்கத்திய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துப் பையனுக்குக் கொடுத்தால் உப்பு அதிகமாகிவிடும். பேதியை நிறுத்தும் லோபெராமைடு பையனுக்கு வேண்டாம். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பெரியவர்களுக்கும் வேண்டாம்.

மருந்தாளர் சீட்டில் இல்லாதது ஒன்று: நாய். கோயில் வாசலிலும் கிராமத்திலும் மகன் எந்த நாயையும் தொடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி போடுங்கள். மஞ்சள் அப்பிவிட்டு இருந்துவிடக் கூடாது.

அப்புறம், மூட்டுவலிக்கு, சுகருக்கு என்று அங்கிருந்து பெயரில்லாத பொடியும் உருண்டையும் வாங்கி வராதீர்கள். இப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிதல்ல. அது அம்மாவின் சுகரை ஏற்றிவிடும்.

திரும்பி வந்தபின் சில வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், இங்கே முதலில் டெங்கி என்றுதான் நினைப்பார்கள். கேட்கும்வரை காத்திராமல், இந்தியா போய் வந்ததை நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் டைபாய்டுக்கும் மலேரியாவுக்கும் சேர்த்து ரத்தம் பார்ப்பார்.