மினிடிஸ்க் இன்னும் பதியுமா? – வாசகர் கேள்வி பதில்

வழக்கொழிந்த ஒலிப்பதிவுக் கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது மினிடிஸ்க்கைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதையே பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அப்பாவின் மேசை இழுப்பறையில், சதுரமான பிளாஸ்டிக் உறைக்குள் சின்னஞ்சிறு வட்டுகள் சில கிடைத்தன. ஒன்றின் மேல் அப்பாவின் கையெழுத்தில் ‘பாட்டி பேசியது’ என்று எழுதியிருக்கிறது. இவை கம்ப்யூட்டர் பிளாப்பிகளா? இனிமேல் இவற்றைக் கேட்க வழி உண்டா?

பதில்: அவை மினிடிஸ்க்குகள். சோனி நிறுவனம் 1992 நவம்பரில் ஜப்பானில் இவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பிலிப்ஸ் கொண்டுவந்த டிஜிட்டல் கேசட் 1996-இலேயே கைவிடப்பட்டது. மினிடிஸ்க் கருவிகளோ 2013 வரை சோனியின் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தன. உறை ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் சதுரம். உள்ளே இருக்கும் வட்டின் விட்டம் 64 மில்லிமீட்டர்.

ஒரு வட்டைக் கையில் எடுத்து அதன் நகரும் மூடியைப் பாருங்கள். உறையின் இரு பக்கங்களையும் சேர்த்து மூடினால் அது வீட்டில் பதிவு செய்யும் வட்டு. அடிப்பக்கத்தில் மட்டும் இருந்தால் பாடல்களோடு கடையில் விற்கப்பட்ட வட்டு. பதிவு செய்வதற்கு ஒரு பக்கம் லேசரும் மறுபக்கம் காந்தத் தலையும் வட்டை நெருங்கியாக வேண்டும் என்பதால்தான் இந்த வேறுபாடு. பாட்டி பேசிய வட்டில் மூடி இரு பக்கமும்தான் இருக்கும்.

அடுத்து, உறையின் விளிம்பில் ஒரு சிறிய நகரும் பொத்தான் இருக்கும். அதை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள்; அதன்பின் எந்தக் கருவியாலும் அந்த வட்டில் தவறுதலாக எழுதவோ அழிக்கவோ முடியாது. வேறு எதையும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

வட்டில் உள்ளதைப் பிரதி எடுக்க எளிய வழி, ஒரு கருவியில் ஓடவிட்டு, அதன் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி வழியாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வது. 74 நிமிட வட்டுக்கு 74 நிமிடம் ஆகும். பேச்சைப் பலர் மோனோவில் பதிந்திருப்பார்கள் என்பதால் அதே வட்டு 148 நிமிடம் ஓடினாலும் வியப்பில்லை. பழைய வட்டுகளில் உள்ளதை நேரடியாகக் கம்ப்யூட்டருக்கு ஏற்றுவதற்கென்றே 2006-இல் எம்இசட்-ஆர்எச்1 என்ற கருவியைச் சோனி வெளியிட்டது. இன்று அதன் விலை யானை விலை. யூஎஸ்பி கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைக்கக்கூடிய நெட்எம்டி வகையைச் சேர்ந்த சோனியின் கையடக்கக் கருவிகள் பலவற்றில் அதே வேலையைச் செய்யும் மென்பொருளை ஆர்வலர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது ஒருசில வட்டுகள்தான். ஓடுகிற ஒரு கருவியை இரவல் வாங்கி, முதலில் முக்கியமில்லாத வேறொரு வட்டைப் போட்டுச் சோதித்துவிட்டு, பிறகு பாட்டியின் குரலுக்கு வாருங்கள்.

கேள்வி: காந்தத்தால் பதிவாகிறது என்கிறார்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் கேசட்டைப் போல இதுவும் கெட்டுவிடாதா?

பதில்: கெடாது. இதில்தான் மினிடிஸ்க்கின் பொறியியல் நயம் இருக்கிறது. வட்டின் காந்தப் படலம் அறை வெப்பநிலையில் பிடிவாதமானது. வீட்டில் இருக்கும் காந்தங்களுக்கு அது அசைந்துகொடுக்காது. பதிவு செய்யும்போது லேசர் கதிர் ஒரு நுண்புள்ளியைச் சுமார் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறது. கியூரி வெப்பநிலை எனப்படும் அந்த நிலையில் புள்ளி தன் காந்தத்தன்மையை இழக்கிறது. மறுபக்கம் நிற்கும் காந்தத் தலை எந்தத் திசையைக் காட்டுகிறதோ, ஆறும்போது அந்தத் திசையிலேயே உறைந்துவிடுகிறது. திரும்பக் கேட்கும்போது அதே லேசர் குறைந்த ஆற்றலில் வட்டின் மேல் விழுகிறது. காந்தத் திசைக்கு ஏற்ப, எதிரொளிக்கும் ஒளியின் அதிர்வுத்தளம் மிகச் சிறிதளவு திரும்புவதை வைத்துக் கருவி ஒன்றா சுழியா என்று படித்துக்கொள்கிறது. சூடும் காந்தமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் எழுத்து மாறும். எனவே காந்தத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். உறை நெளியும் அளவுக்கு வெயிலில் கிடத்தாமல் இருந்தால் போதும்.

கேள்வி: கைப்பேசியிலேயே பாட்டும் கேட்கலாம், பதிவும் செய்யலாம். இந்தப் பழைய வட்டைக் கட்டி அழுவதால் என்ன லாபம்?

பதில்: பாட்டு கேட்பதற்கு மட்டும் என்றால் ஒரு லாபமும் இல்லை.

கேள்வி: பழைய மினிடிஸ்க் கருவி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: விற்பவர் ‘நன்றாகப் பாடுகிறது’ என்று சொன்னால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். பாடுவது பாதிச் சோதனைதான். காந்தத் தலையோ அதற்குச் செல்லும் மெல்லிய நாடாக் கம்பியோ பழுதாகியிருந்தால் கருவி பழைய வட்டுகளை அழகாகப் பாடும். ஆனால் புதிதாக ஒன்றும் பதியாது. எழுதுவதற்கு லேசர் அதிக ஆற்றலில் எரிய வேண்டியிருப்பதால், தேய்ந்துபோன லேசரும் முதலில் பதிவில்தான் தடுமாறும். ஆகவே ஏற்கெனவே பதிவுள்ள ஒரு வட்டின் மேல் ஐந்து நிமிடம் புதிதாகப் பதியச் சொல்லி, நிறுத்தி, வட்டை வெளியே எடுத்து, மறுபடி போட்டுக் கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். இதற்குத் தயங்குகிற விற்பனையாளரிடம் ரெக்கார்டருக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பேட்டரி. இத்தகைய கருவிகள் பலவற்றில் சூயிங்கம் துண்டைப் போலத் தட்டையான 1.2 வோல்ட் பேட்டரி இருக்கும். வேறு நிறுவனங்கள் செய்த மாற்றுப் பேட்டரிகள் கிடைக்கின்றன; ஆனால் பழைய பேட்டரி உள்ளேயே கசிந்து அறையின் தகடுகளை அரித்திருந்தால் புதியதைப் போட்டும் பயனில்லை. அறை மூடியைத் திறந்து, பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும் கருவி கிடைத்தால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாவதாகத் திரை. எம்இசட்-ஆர்எச்1 உட்படக் கடைசிக் காலக் கருவிகள் சிலவற்றில் இருந்த ஓஎல்இடி திரைகள் வருடங்கள் செல்லச் செல்ல மங்கிவிடுகின்றன; பார்க்கப் பகட்டில்லாத பழைய எல்சிடி திரைகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன.

ஒரே வட்டில் அதிக நேரம் பதிவதற்காக 2000-இல் வந்த எம்டிஎல்பி முறைக்கு முந்தைய கருவி, பின்னதைவிட மட்டம் என்று எண்ண வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த முறையின் எல்பி2, எல்பி4 வகைகளில் பதிந்த வட்டைப் பழைய கருவியில் போட்டால், தலைப்புக்கு முன்னால் ‘எல்பி:’ என்ற எழுத்துகள் ஓடும், நேரக் கணக்கும் ஓடும், சத்தம் மட்டும் வராது. கருவி கெட்டுவிட்டது என்று பலர் அப்போது அதைத் தூக்கிப்போடப் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு மணி நேரக் கச்சேரியைப் பதிவு செய்து முடித்து நிறுத்தியவுடன் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிய பேட்டரி போட்டுப் பார்த்தால் ‘வெற்று வட்டு’ என்று காட்டுகிறது. பதிவு முழுவதும் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் போகவில்லை, அதற்கு வழி காட்டும் குறிப்புதான் எழுதப்படாமல் போயிற்று. மினிடிஸ்க்கில் ஒலி ஓரிடத்தில் இருக்கிறது; எந்தப் பாடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பொருளடக்கம் வட்டின் உட்புற ஓரத்தில் தனியாக இருக்கிறது. ஒலி அவ்வப்போது வட்டில் ஏறிக்கொண்டே இருக்கும்; பொருளடக்கமோ நீங்கள் நிறுத்திய பிறகுதான், சில கருவிகளில் வட்டை வெளியே எடுக்கும்போதுதான் எழுதப்படும். திரையில் ‘டிஓசி’ (பொருளடக்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மினுக்கும் அந்தச் சில நொடிகளில் மின்சாரம் நின்றாலும், கருவி பலமாக அதிர்ந்தாலும் நீங்கள் சொல்லும் விபத்து நேர்கிறது.

இந்த அமைப்பால் கிடைத்த வசதியையும் சொல்லியாக வேண்டும். ஒரு பாடலை இரண்டாக வெட்டலாம், இரண்டை ஒட்டலாம், ஏழாவதை முதலாவதாக்கலாம். ஒலியை ஓர் இழையும் தொடாமல் பொருளடக்கத்தில் எண்களை மாற்றினால் வேலை முடிந்தது. ஒரு வட்டில் 255 தடங்கள் வரை பிரிக்கலாம்; தலைப்புகளுக்கு மொத்தம் சுமார் 1,700 எழுத்துகள் வரை இடம் உண்டு. கையில் அடங்கும் ஒரு கருவியில், கம்ப்யூட்டர் இல்லாமல், பதிந்த இடத்திலேயே இவ்வளவையும் செய்ய முடிந்ததால்தான் வானொலிச் செய்தியாளர்கள் இதை விரும்பினார்கள். மினிடிஸ்க்கின் பெருமை அதன் ஒலித்தரத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இனி உங்கள் கச்சேரி. அந்த வட்டில் வேறு எதையும் பதியாதீர்கள். அதே நீளமுள்ள வேறொரு வட்டில் முதலிலிருந்து கடைசிவரை மௌனத்தையே ஒரே தடமாகப் பதிவு செய்து, அதன் பொருளடக்கத்தில் ஒரு சிறு திருத்தம் செய்யுங்கள். கருவி அந்தத் திருத்தத்தை எழுதக் காத்திருக்கும் நிலையில், அது உணராதபடி வட்டை மாற்றி, உங்கள் கச்சேரி வட்டின் மேல் அந்தப் பொருளடக்கத்தை எழுதச் செய்ய வேண்டும். அப்போது கருவி வட்டு முழுவதையும் ஒரே நீண்ட தடமாக நினைத்துப் பாடும். கச்சேரியும் உள்ளே இருக்கும். கையடக்கக் கருவியில் மூடி திறந்ததை அறியும் சிறு சுவிட்சை ஏமாற்றினால்தான் இது நடக்கும் என்பதால், பழகிய கை ஒன்றிடம் கொடுப்பது நல்லது. வெற்று வட்டில் நேராகப் பதிந்திருந்தால் கச்சேரி வரிசை குலையாமல் கிடைக்கும். பலமுறை அழித்தும் திருத்தியும் பயன்படுத்திய வட்டாக இருந்தால் ஒலி ஆங்காங்கே சிதறிப் பதிந்திருக்கும். ஆலாபனைக்கு நடுவில் மங்களம் கேட்கக்கூடும். பொறுமையாக வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மினிடிஸ்க் ஒலி சி.டி.க்கு இணையானதா?

பதில்: அல்ல. அட்ராக் என்ற முறையில் ஒலி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது; வழக்கமான பதிவில் நொடிக்கு 292 கிலோபிட். உரத்த ஓசைக்குப் பின்னால் மறைந்து, காதுக்கு எட்டாது என்று கணிக்கப்படும் மெல்லிய ஓசைகள் விடப்படுகின்றன. முதல் ஆண்டுகளின் கருவிகளைப் பற்றி இசைப்பிரியர்கள் குறைசொன்னது நியாயம்தான். பிற்காலத்து அட்ராக்கில் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலானோரின் காதால் முடியாது. 132 கிலோபிட் எல்பி2 பேச்சுக்கும் பயணத்துக்கும் போதும். 66 கிலோபிட் எல்பி4-இல் 80 நிமிட வட்டு ஒன்றில் 320 நிமிடம் அடங்கும். ஆனால் தாளத்தட்டு ஒலிகள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். சுருக்கமே வேண்டாம் என்பவர்களுக்கு 2004-இல் வந்த ஹை-எம்டி இருக்கிறது; அதன் ஒரு கிகாபைட் வட்டில் சி.டி. தரத்திலேயே 94 நிமிடம் பதியலாம்.

கேள்வி: வட்டுகளின் உற்பத்தியும் நின்றுவிட்டதாமே? பிரிக்காத வட்டுகளாகப் பார்த்து வாங்கிச் சேர்க்கட்டுமா?

பதில்: பதிவு செய்யும் மினிடிஸ்க் வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு முடித்துக்கொள்வதாகச் சோனி அறிவித்தது உண்மை. அதற்காகப் பதறிக்கொண்டு உறை பிரிக்காத வட்டுகளைப் புதையலின் விலைக்கு வாங்குவது வீண் செலவு. ஒரு வட்டில் பத்து லட்சம் முறை திரும்பத் திரும்பப் பதியலாம் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் ஆயுளுக்கு மிஞ்சும். இன்னொருவர் பயன்படுத்திய வட்டு, முழுவதையும் அழித்துவிட்டுப் பதிந்தால் புதியதைப் போலவே உழைக்கும். அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள், அதிலும் யாராவது ஒரு பாட்டி பேசியிருக்கலாம். ஹை-எம்டிக்கான ஒரு கிகாபைட் வட்டுகள் விதிவிலக்கு. அவை முன்பே அரிது, நியாயமான விலையில் வந்தால் விடாதீர்கள்.

கேள்வி: சி.டி.யிலிருந்து ஒளியிழைக் கம்பி வழியாக ஒரு மினிடிஸ்க்கில் பதிந்தேன். அந்த மினிடிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அதே கம்பியில் பதிய முயன்றால் கருவி மறுக்கிறது. என்ன பழுது?

பதில்: பழுதில்லை. பிரதியிலிருந்து டிஜிட்டல் பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு எல்லா வீட்டுக் கருவிகளிலும் உண்டு. சாதாரண ஆடியோ கம்பியில் பதியுங்கள், மறுக்காது.

கேள்வி: மைக் வைத்துப் பதிவு செய்தால் பின்னணியில் ‘விர்’ரென்று ஓசை கேட்கிறது, பாடகர் குரலை உயர்த்தும்போதெல்லாம் ஒலி தானாகத் தாழ்ந்துவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: அந்த ஓசை கருவியின் மோட்டார். ரெக்கார்டர் ஒலியை முதலில் நினைவகத்தில் சேர்த்துக்கொண்டு, இடைவெளி விட்டு விட்டு வட்டில் எழுதும். அதனால் ஓசையும் விட்டு விட்டுத்தான் வரும். கருவியின் உடலிலேயே செருகும் குட்டி மைக்கைத் தவிர்த்து, ஒரு மீட்டர் கம்பியாவது உள்ள மைக்கைப் பயன்படுத்துங்கள். கருவியை மேசைமீது அல்லாமல் ஒரு துணிப்பையில் வையுங்கள்.

ஒலி தாழ்வது தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டின் வேலை. பதிவைத் தொடங்கும்போதே ‘பாஸ்’ நிலையில் நிறுத்தி, மெனுவில் கைமுறை அளவுக்கு மாற்றி, பாடகரை உச்ச ஸ்தாயியில் ஒருமுறை பாடச் சொல்லி, அளவுமானி உச்சத்தைத் தொடாதபடி வைத்துவிட்டுத் தொடருங்கள். சோனியின் பல கருவிகள் ‘ஸ்டாப்’ பொத்தானை அழுத்தியவுடன் மறுபடி தானியங்கிக்குத் திரும்பிவிடும். ஆகவே இடைவேளையில் ‘ஸ்டாப்’ வேண்டாம், ‘பாஸ்’ மட்டும் போதும்.