துயிதாரா: கேட்டவர்களுக்குப் பதில்

மேகாலயத்தின் காசி பழங்குடி மக்கள் மீட்டும் நரம்புக் கருவி துயிதாரா. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: படத்தில் சின்ன கிட்டார் போலத்தானே தெரிகிறது?

பதில்: கிட்டாரில் பலகைகளை வளைத்து ஒட்டிப் பெட்டி செய்கிறார்கள். துயிதாராவில் குடமும் கழுத்தும் ஒரே மரத்தில் செதுக்கியவை. குடத்தின் வாயை மூடுவது பலகை அல்ல, தோல். கழுத்தில் சுர இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் கிடையாது. சுரம் இருக்கும் இடத்தை விரல்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் நான்கு தந்திகள், அவற்றை மீட்ட மரத்தில் சீவிய ஒரு சிறு துண்டு. தோலின் மேல் எழும் நாதம் சட்டென்று அடங்கிவிடும். அதைக் குறையென்று நினைக்காதீர்கள். கதைப்பாட்டுக்குத் துணையாக வாசிக்கப்படும் கருவி இது. தந்தி அடங்கும் இடத்தில்தான் பாடுபவரின் சொல் தெளிவாகக் கேட்கிறது.

கேள்வி: எப்படிச் செய்கிறார்கள்? எந்த வேலை கடினம்?

பதில்: குடைவதுதான். நன்றாகக் காய்ந்த கெட்டி மரத்தை முதலில் வெளிவடிவத்துக்குச் செதுக்கிக்கொண்டு, பிறகு உளியால் உள்ளே குடைகிறார்கள். சுவர் தடித்துப் போனால் ஒலி உள்ளேயே அமுங்கிவிடும். மெலிந்து போனால் வெடிக்கும். எவ்வளவு குடைந்தால் போதும் என்பதை விரல் முட்டியால் தட்டிக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒட்டுவேலை இல்லாததால், கடைசி நாளில் உளி ஒருமுறை தவறினாலும் மரம் முழுவதும் வீண். அதனால்தான் விலையில் பேரம் பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தோலை நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்து விளிம்பில் இறுக்க வேண்டும். நிழலில் மெல்லக் காயட்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிக் கிழியும்.

கேள்வி: தந்தி பட்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. முன்பு முகா என்ற பட்டு நூலை முறுக்கித் தந்தியாக்கினார்கள். இன்று பெரும்பாலும் நைலான். பட்டின் மென்மை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் மேகாலயத்து மழையில் தினமும் வாசிப்பவர் நைலானுக்கு மாறியதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஷில்லாங்கில் வாங்கினேன். மழைக்காலத்தில் ஒலி மந்தமாகிவிடுகிறது. தோலை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சோராவும் (சிரபுஞ்சி) மாசின்ராமும் இதே காசி மலையில்தான் இருக்கின்றன. அங்கே வாசிப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. அடுப்பிலிருந்து தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டுங்கள். தோலை விரலால் சுண்டினால் ‘டொப்’ என்பது ‘டங்’ என்று மாறும், அங்கே நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு சுருதி சேருங்கள். முதலிலேயே சேர்த்துவிட்டால், தோல் இறுகியதும் சுருதி ஏறிவிடும்.

கேள்வி: காசி மக்களின் நோங்கிரெம் விழா ஆட்டத்தில் துயிதாராவைக் காணோமே?

பதில்: அங்கே முரசுகளும் தங்முரி என்ற குழலும்தான் ஆட்சி செய்கின்றன. திறந்தவெளிக் கூட்டத்தில் துயிதாராவின் குரல் எடுபடாது.

கேள்வி: இப்போது யாராவது செய்கிறார்களா?

பதில்: செய்கிறார்கள். கருவி செய்பவரும் இசைக்கலைஞருமான ரைசிங்போர் குர்கலாங்குக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்யும் கைக்கும் மரியாதை வந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஷில்லாங்கின் சம்மர்சால்ட் இசைக்குழு மேடையில் துயிதாராவை வாசிக்கிறது. நீங்கள் வாங்குவதாக இருந்தால், அலங்காரத்துக்காகச் செய்து விற்பவற்றைத் தவிர்த்து, செய்பவரிடமே போங்கள். கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். வளைவு தெரிந்தால் வேண்டாம். குடமும் கழுத்தும் சேரும் இடத்தில் மர ரேகை முறியாமல் ஓட வேண்டும். கடைசியாக, செய்தவரையே ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.