சம்பளம்னு வாய்விட்டு கேளு தம்பி

அன்புள்ள அக்கா,

சின்ன டிரஸ்ட் ஒண்ணுல நிதி திரட்டுற வேலை பாக்குறேன். கிராமத்துப் பிள்ளைங்களுக்கு சாயங்கால டியூஷன் சென்டர் நடத்துறோம். தினமும் போன் பண்றேன், தினமும் 'அடுத்த மாசம் பாக்கலாம்'தான். கம்பெனிகளுக்கு மெயில் போட்டா பதிலே இல்ல. ரெண்டு மாசமா டீச்சர்களுக்கும் எனக்கும் சம்பளம் வரல, அது பரவால்ல, 'நீங்க தர்ற ஒவ்வொரு ரூபாயும் முழுசா குழந்தைகளுக்கே'ன்னு சொல்லித்தான் நாங்க நன்கொடை வாங்குறோம். மனசு சோராம பாசிட்டிவா இருக்க என்ன செய்யணும்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கம்பெனி பதில் போடலன்னா விடு, வேற கம்பெனிக்குப் போடு. தியானமோ காலைல நடக்கறதோ, உனக்கு எது ஒத்துவருதோ செய். உன் லெட்டர்ல என்னைத் தூங்கவிடாத வரி வேற. ரெண்டு மாசம் சம்பளம் இல்ல, 'அது பரவால்ல'ன்னு எழுத உனக்கு எப்படிப்பா கை வந்துச்சு? அந்த டீச்சர் வீட்டு வாடகைய யார் குடுப்பா?

எங்கப்பா ஆரம்பப் பள்ளி ஹெட்மாஸ்டர். காமராஜர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர், 1958ல ஆரம்பிச்சு, பள்ளிக்கு வேணுங்கறத ஊர் ஜனங்களே குடுக்கற பள்ளிச் சீரமைப்பு மாநாடு ஊர் ஊரா நடந்த காலம் அது. அப்பா சைக்கிள்ல வீடு வீடா போவார், கேரியர்ல நான். பெஞ்சு, கரும்பலகை, சுவர்க்கடிகாரம், மதியச் சாப்பாட்டுக்கு அரிசின்னு கேப்பார். 'அறுப்பு முடியட்டும் வாத்தியாரே'ன்னு சொல்ற வீட்லயும் மோர் வாங்கிக் குடிச்சுட்டு வருவார், அறுப்பு முடிஞ்சதும் மறுபடி அதே திண்ணைல போய் உக்காருவார், முகத்துல ஒரு சுளிப்பு இருக்காது. பொறுமைசாலிதான். ஆனா அந்தப் பொறுமைக்குக் கீழ ஒண்ணு இருந்துச்சு, அவர் சம்பளம் மாசாமாசம் வந்துரும். ஊர் பெஞ்சு குடுத்துச்சு, வாத்தியார் சம்பளத்த சர்க்கார் பாத்துக்கிச்சு, ரெண்டும் சேந்ததாலதான் பிள்ளைங்க படிச்சாங்க.

உங்க சென்டர்ல சர்க்கார் இருந்த இடம் காலியா கெடக்கு. ஜனங்க இன்னமும் நோட்டு, பேக், பிறந்தநாளுக்கு பிரியாணின்னு பெஞ்சு பக்கமே குடுத்துட்டிருக்காங்க, ஏன்னா நீங்க கேக்கறதே அதத்தான்! 'முழுசா குழந்தைகளுக்கே'ன்னு சொல்லிச் சொல்லி, சம்பளம்னா திருட்டுன்னு நன்கொடை தர்றவங்களுக்குப் பழக்கிவிட்டதே நீங்கதான். டியூஷன் சென்டர்ல குழந்தைக்குப் போய்ச் சேர்றது டீச்சரோட ரெண்டு மணி நேரம்தானே, வேற என்ன? வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ சட்டத்துல 2020ல நிர்வாகச் செலவு வரம்ப 50 சதவீதத்துலேருந்து 20 சதவீதமா குறைச்சாங்க, அவ்வளவு கெடுபிடியான சட்டத்தோட விதிகளே பள்ளிக்கூட டீச்சர் சம்பளத்த நிர்வாகச் செலவுல சேக்கல. சட்டத்துக்கே புரிஞ்சது உங்க அப்பீல் லெட்டருக்குப் புரியலன்னா எப்படி? கணக்கு எழுதற ஆளுக்கும், போன் பண்ற உனக்கும் ஆகற செலவையும் மறைக்காம சொல்லு, அதக் கேட்டு நாலு பேர் விலகிப் போனா போகட்டும்.

பசியோட போன் பண்ற பிள்ளைய பாசிட்டிவா இருன்னு சொல்ல எனக்கு மனசு வரல தம்பி. ஒவ்வொரு 'இல்ல'யும் உனக்கு இவ்வளவு வலிக்குதுன்னா, உன் வீட்டு அரிசியும் அந்த போன்ல தொங்குறதாலதான்.

அடுத்த அப்பீல் லெட்டர்ல 'முழுசா குழந்தைகளுக்கே'ங்கற வரிய எடுத்துட்டு, ஒரு டீச்சருக்கு மாசம் எவ்வளவுன்னு தொகையோட போடு. போட்டதும் எனக்கும் ஒண்ணு அனுப்பு, ஒருத்தரோட ஒரு மாசச் சம்பளம் நான் தரேன். ரசீதுல 'ஆசிரியர் சம்பளத்துக்காக'ன்னே எழுது.

அன்புடன்,
அக்கா