உப்பை முழுதாக நிறுத்திவிட்டேன், தலை சுற்றுகிறது

கேள்வி: வயது 27. புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். காலையில் ஆறு கிலோமீற்றர் ஓடுவேன். வயிற்றுத் தசை தெரிய வேண்டுமானால் உப்பைத் தொடவே கூடாது என்று பயிற்சி தரும் அண்ணா சொன்னார். ஐந்து வாரமாக உப்பில்லாமல் அவித்த கோழி, முட்டை வெள்ளைக்கரு, சோறு மட்டும்தான். நாளுக்கு ஆறு லீற்றர் தண்ணீர் குடிக்கிறேன். முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. இப்போது எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. ஞாயிறன்று கொத்துரொட்டி சாப்பிட்டால் திங்கட்கிழமை இரண்டு கிலோ கூடிவிடுகிறது. அப்பாவுக்குப் பிரஷரும் சிறுநீரக நோயும் இருப்பதால் உப்பைக் கண்டாலே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இன்றைக்கே அந்த ஆறு லீற்றரைக் குறையுங்கள். உப்பை அடுத்துப் பார்ப்போம். தாகத்துக்குக் குடியுங்கள், கணக்குக்குக் குடிக்காதீர்கள். உப்பு உள்ளே போகாமல் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போகும். தலையிடி, குமட்டல், தடுமாற்றம் என்று தொடங்கி வலிப்பு வரைக்கும் அது போகக்கூடும். வாந்தியோ மனக்குழப்பமோ வந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உங்கள் தட்டைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஆறு வெள்ளைக்கரு, கால் கிலோ கோழி என்று வைத்து, உப்பில்லாச் சோற்றையும் சேர்த்தாலும் சோடியம் சுமார் 500 மில்லிகிராம்தான். வன்னி வெயிலில் ஓடி, தகரக் கூரைக்குக் கீழே பாரமும் தூக்கினால் ஒரு லீற்றர் வியர்வை எளிதாகப் போய்விடும். அதனோடு அரைக் கிராமிலிருந்து ஒன்றரைக் கிராம் வரை சோடியம் வெளியேறும். ஆளுக்கு ஆள் இது மாறும். காய்ந்த பெனியனில் வெள்ளைக் கோடு படிகிறதா? அப்படியானால் நீங்கள் உப்பை அதிகம் இழக்கிறவர். கெண்டைக்கால் இழுப்புக்கு உப்புக் குறைவுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். களைத்த தசையும் அப்படி இழுக்கும். தலைச்சுற்றலுக்குத்தான் உப்புக் குறைவு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் அதிகம்.

அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உப்பும் மாப்பொருளும் உடலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கொத்துரொட்டியில் இரண்டும் தாராளம். ஆகவே திங்கட்கிழமைத் தராசு காட்டுவது கொழுப்பை அல்ல. இரண்டு மூன்று நாளில் அது தானாக இறங்கிவிடும். உப்பை விட்டுக் கொழுப்பைக் கரைத்தவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்குச் சொல்லும் எல்லை, நாளுக்கு 2 கிராமுக்குக் குறைந்த சோடியம். உப்பாகப் பார்த்தால் 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள். கறிக்குள் போனது, பாணுக்குள் இருப்பது, பைக்கற்றில் வந்தது எல்லாம் இதற்குள் அடக்கம். அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு கிலோ உப்பு பைக்கற் எத்தனை நாளுக்கு வருகிறது? நாலு பேர் உள்ள வீட்டில் அது ஐம்பது நாளுக்கு முன்னரே சமையலில் முடிந்தால் அளவு மீறுகிறது என்று அர்த்தம்.

நம் பக்கத்தில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. முல்லைத்தீவுக் கருவாட்டை நானும் விடமாட்டேன். ஆனால் ஐம்பது கிராம் கருவாட்டிலேயே ஒரு நாளுக்குரிய உப்பு அடங்கிவிடலாம். ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் ஓரளவு குறையும். புரதத்துக்கென்று ஜிம் பையன்கள் வாங்கும் டின்மீன், மசாலாத் தூளோடு வரும் சோயாமீற், பின்னேரப் பசிக்கு நூடில்ஸ், இவற்றின் உறையில் சோடியம் எவ்வளவு என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். இந்துப்பும் உப்புத்தான், நிறம் மாறியதால் சோடியம் குறைந்துவிடாது.

நாளையிலிருந்து வீட்டுக் கறியை அளவான உப்போடு சாப்பிடுங்கள். மீண்டும் ஓடத் தொடங்கியதும், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. ஒரு கிலோவுக்கு மேல் குறைந்த நாளில் ஒரு சிட்டிகை உப்புப் போட்ட மோர் போதும். வயலுக்குப் போகிறவர்கள் காலங்காலமாக இதைத்தான் கொண்டு போனார்கள். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு.

அதே காரணத்தால் இளநீரையும், பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பையும் மருத்துவரைக் கேளாமல் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். கெட்டுப்போன சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும். அது இதயத்துடிப்பையே குழப்பிவிடும். அவருக்கு உப்புக் கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும். வியர்த்து ஓடும் உங்களுக்கு அவருடைய அளவுகோல் பொருந்தாது. ஆனாலும் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருக்கிறது. வீட்டிலும் ஒருவருக்கு நோய் இருக்கிறது. எனவே அப்பாவின் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் இந்த வாரமே போய்ப் பிரஷர் பாருங்கள். படுத்திருக்கும்போது ஒன்று, எழுந்து நின்றதும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். முடிவு வரும்வரை ஓட்டம் வேண்டாம், நடந்தால் போதும்.