வெல்டிங் ராடு ஒட்டிக்கிட்டே இருக்கா? கரண்ட்ட ஏத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

கடலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: வீட்டுக்குன்னு 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கினேன், கோடைல நல்லா ஓடுச்சு, ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து 2.5 எம்எம் 6013 ராடு (சாதாரண இரும்பு வேலைக்கான வகை) தொட்டதும் ஒட்டிக்குது, பொறி தெறிக்குது, ஸ்லாக்க (வெல்டிங் மேல படியிற ஓடு) தட்டினா ஊசி குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு, கரண்ட்ட ஏத்தினா கேட் பைப்பே பொத்துக்குது, மீதி ராட எப்படி வச்சுக்கிறது?

கோடைல ஓடுனது மழைல ஓடலன்னா எனக்கு முதல் சந்தேகம் ராடு மேலதான் தம்பி. மேல இருக்கிற பூச்சு காத்துல உள்ள ஈரத்த இழுத்துக்கும், ஆர்க் (ராடு நுனில எரியிற மின்பொறி) சூட்டுல அது ஆவியா மாறி உருகுன இரும்புக்குள்ள மாட்டிக்கும், அதுதான் அந்த ஊசி ஓட்டை. கடைல புது பாக்கெட் ஒன்னு வாங்கி அதே கரண்ட்டுல, அதே பைப்புல ஒரு ராடு ஓட்டிப் பாருங்க. நல்லா ஓடுச்சுன்னா பழைய ராடுதான் காரணம். புதுசும் ஒட்டுச்சுன்னா எர்த் கிளாம்ப் (மெஷின்ல இருந்து வர்ற இன்னொரு ஒயர இரும்புல மாட்டுற கிளிப்) புடிச்ச இடத்துல பெயின்ட், துரு இருக்கான்னு பாத்து பளபளன்னு கிரைண்டர் போட்டு புடிங்க, அப்புறம் மெல்லிசான நீள எக்ஸ்டென்ஷன் ஒயர்ல மெஷின ஓட்டுறீங்களான்னு பாருங்க, அதுல வோல்டேஜ் இறங்கிடும். இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் கரண்ட்டுல கை வைங்க. 2.5 ராடுக்கு 60ல இருந்து 90 ஆம்ப் வரை, மெல்லிசு பைப்புன்னா 60, 65லயே ஆரம்பிங்க, ராடு நுனிய வெல்டிங் பண்ற இரும்புக்கு கிட்டக்க, ராடு கனம் அளவுக்குத்தான் தள்ளி புடிக்கணும், தூக்கிப் புடிச்சாலும் பொறி பறக்கும்.

ஈரம் புடிச்ச 6013ஐ 100 டிகிரி கிட்ட ஒரு மணி நேரம் சூடு காட்டினா போதும். அதுக்கு மேல வறுத்துடாதீங்க, இந்த ராடுக்கு கொஞ்சம் ஈரம் இருந்தாதான் ஆர்க் ஒழுங்கா நிக்கும். 7018ன்னு இன்னொரு வகை ராடு இருக்கு, அது கதை வேற, அதுக்கு 300 டிகிரி கிட்ட ஒன்னு ரெண்டு மணி நேரம் வேணும், ஈரத்தோட ஓட்டினா ஹைட்ரஜன் உள்ள போய், வெல்டிங் ஆறினப்புறம் கூட விரிசல் விடும், அதனால பளு தாங்குற வேலைக்கு ஈரம் பட்ட 7018அ தயவுசெஞ்சு எடுக்காதீங்க. பூச்சு உதிர்ந்தது, உள்கம்பி துரு புடிச்சது ரெண்டையும் தூக்கிப் போடுங்க. சோறு சமைக்கிற ஓவன்ல மட்டும் ராடு வைக்கவே கூடாது.

வச்சுக்கிறதுக்கு, பாக்கெட்ட பிரிச்சதும் மீதிய பிவிசி பைப்புல போட்டு ரெண்டு பக்கமும் மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பை ரெண்டு உள்ள போட்டா 6013க்கு தாராளம். சிமென்ட் தரைல வைக்காதீங்க, பலகை மேல, இல்ல பரண்ல வைங்க. அன்னிக்கு வேலைக்கு எத்தனை வேணுமோ அத மட்டும் வெளிய எடுங்க. சிலர் தகர பெட்டிக்குள்ள 60 வாட் குண்டு பல்பு எரிய விடுவாங்க, ராடு காய்ஞ்சபடியே இருக்க அது உதவும், ஆனா ஏற்கனவே நனைஞ்ச 7018அ அந்த சூடு காப்பாத்தாது.

இன்னொன்னு, மழை நாள்ல ஈர தரைல நின்னு ராடு மாத்தாதீங்க தம்பி. காய்ஞ்ச பலகை மேல, காய்ஞ்ச கையுறையோட மட்டும் ராடு மாட்டுற ஹோல்டர தொடுங்க, கையுறை வேர்வைல நனைஞ்சிருந்தா வேற மாத்திக்குங்க.