பொருள் வகைக்கு ஏற்ப பேனல் மாற வேண்டும்: மறைத்துக் காட்டுவது சரியா?

டபிள்யூபிஎஃப்பில் (விண்டோஸ் மென்பொருளுக்குத் திரை அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) எல்லா பேனலையும், அதாவது ஒவ்வொரு பொருளுக்குமான திரைப் பகுதியையும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பட்டியலில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கானதைக் காட்டி மற்றதை மறைக்கிறேன், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதே வழியில் போய் ஒரு தோட்டக்காரரின் காசைக் குறைத்துவிட்டேன் நான்.

குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஷீட் வந்தால் எடையும் தரமும் போதும்: புகையில் உலர்த்திய ஷீட்டை ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 என்று தரம் பிரிப்பார்கள். பால் என்றால் டிஆர்சியும், அதாவது பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பதும், வேண்டும். 100 கிலோ பாலில் டிஆர்சி 35 என்றால் 35 கிலோ ரப்பருக்குத்தான் காசு. மரத்தில் தானாக உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலுக்கு ஈரம், அழுக்கு பார்த்து எடையில் கழிவு போடுவார்கள். நான் மறைத்த பெட்டிகள் கண்ணுக்குத்தான் மறைந்தன, உள்ளே எண் அப்படியே இருந்தது. மொத்தம் போடும் இடமோ எல்லாப் பெட்டியையும் படித்தது. ஒட்டுப்பாலுக்குத் தட்டிய கழிவு, அடுத்து வந்தவரின் ஷீட்டிலும் கழிந்துவிட்டது. விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதை உறைய வைத்து, ஷீட் அடித்து, புகையில் உலர்த்திக் கொண்டுவந்தவர். அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார். மீதியைக் கடையில் அன்றே கொடுத்துவிட்டார்கள். எனக்கு அன்று இரவு தூக்கமில்லை.

அப்புறம் முழுவதையும் மாற்றினேன். ஷீட், பால், ஒட்டுப்பால் மூன்றுக்கும் தனித்தனி கிளாஸ். கழிவு என்ற புலமே ஷீட் கிளாஸில் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டேட்டா டெம்ப்ளேட், அதாவது அந்த வகைப் பொருளைத் திரையில் எப்படிக் காட்டுவது என்ற வரையறை. அதில் டேட்டா டைப்பை (எந்த கிளாஸுக்கு என்பதை) மட்டும் குறிப்பிட்டு, கீ (தனிப் பெயர்) வைக்காமல் விடுங்கள். திரையில் ஒரே ஒரு கன்டென்ட் கன்ட்ரோல் (கொடுத்த பொருளைக் காட்டும் வெற்றுப் பெட்டி), அதன் கன்டென்ட்டை பட்டியலின் செலக்டட் ஐட்டத்தோடு பைண்ட் செய்தால் (இணைத்தால்) போதும். வந்த பொருளின் வகையைப் பார்த்து டபிள்யூபிஎஃப்பே பேனலை எடுத்துக்கொள்ளும். நாளைக்கு கிராம்பும் வாங்க ஆரம்பித்தால் ஒரு கிளாஸ், ஒரு டெம்ப்ளேட் சேர்ப்பீர்கள், பழையதைத் தொட வேண்டியதில்லை. இன்டர்ஃபேஸை டேட்டா டைப்பாகக் கொடுத்தால் மட்டும் இப்படித் தானாக வராது, அதற்கு எந்த டெம்ப்ளேட் என்று தேர்ந்தெடுக்கும் டெம்ப்ளேட் செலக்டரை நீங்களே எழுத வேண்டும்.

இன்னொன்று, இது முக்கியம். டெக்ஸ்ட் பாக்ஸ் இயல்பாக ஃபோகஸ் விலகும்போதுதான் (வேறு இடத்துக்குப் போகும்போதுதான்) எண்ணைப் பொருளுக்கு அனுப்பும். டூல்பார் பட்டனை அழுத்தினால் அந்த ஃபோகஸ் விலகாது, கடைசியாகத் தட்டிய எண் சேராமலே சேமிப்பாகும். அப்டேட் சோர்ஸ் டிரிகரை பிராப்பர்ட்டி சேஞ்ச்ட் என்று வையுங்கள், தட்டத் தட்ட எண் போய்ச் சேரும். ஆனால் அப்படி வைத்துவிட்டு டிஆர்சி 35.5 மாதிரி எண்ணை நேராக டபுளோடு (தசம எண் வகையோடு) பைண்ட் செய்தால், டாட்நெட் 4.5 பதிப்பிலிருந்து தசமப் புள்ளியைத் தட்ட விடாது. அதை ஸ்ட்ரிங்காக வாங்கி, சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.