ஸ்பெயினின் பழைய நகரப் பகுதிகளில், சின்னத் தட்டுகளில் உணவு தரும் தாப்பாஸ் கடைகளில் சுத்த சைவக்காரர்கள் வயிறார சாப்பிட முடியுமா?

முடியும். முட்டைகூடத் தொடாத என் அம்மா சாப்பிட்டார். "அங்கே ரொட்டியும் ஆலிவும்தான் கிடைக்கும்" என்று பலரும் சொல்லிக் கேட்டுவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2023 மார்ச்சில் செவில் நகரத்துக்குப் போனோம். முதல் நாள் தப்பு என்னுடையதுதான். அம்மாவுக்குச் சர்க்கரை, ஏழு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அங்கே பெரும்பாலான சமையலறைகள் இரவு எட்டு, எட்டரைக்குத்தான் திறக்கும். கதீட்ரலை ஒட்டிய சாந்தா குரூஸ் சந்துகளில், ஆறரைக்கே திறந்திருந்த ஒரு கடையில் உட்கார்ந்தோம். கறி வேண்டாம் என்பதற்கு "சின் கார்னே" என்றேன். சாலட் வந்தது, மேலே டூனா மீன். கார்னே என்றால் அவர்களுக்கு ஆடு, மாடு, பன்றிக் கறி. மீன் அதில் சேராது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தட்டை நகர்த்திவிட்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். கேட்காமலே வைத்த அந்த ரொட்டிக்கும் பில்லில் காசு. அன்றிரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் மதியம் ஒன்றரைக்கு எல் ரின்கோன்சியோ. 1670-லிருந்து இருக்கும் கடை. மேலே வரிசையாகப் பன்றித் தொடைகள் தொங்கும். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். உங்கள் வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் கறி, ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய அந்தப் பன்றித் தொடை), மீன், முட்டை நான்கையும் தனித்தனியாகச் சொல்லி வேண்டாம் என்றேன். கல்லாவுக்குப் பின்னால் நின்ற பெரியவர் "எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ்" என்று சொல்லிவிட்டு, விலையை மரப்பலகை மேலேயே சுண்ணாம்புக்கட்டியால் எழுதினார். பசலைபோன்ற கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து வேகவைத்தது. ஒரு வாய் வைத்ததும் அம்மா சொன்னார்: "சீரகமும் பூண்டும் போட்டிருக்காங்கடா." நின்றபடியே இரண்டு தட்டு.

சட்டியில் கறிச்சாறு இல்லையென்று எப்படித் தெரியும் என்பீர்கள். கேட்டேன், இல்லை என்றார்கள். மீனும் கறியும் பொரித்த அதே எண்ணெயோ என்று கேட்டால், அது நியாயமான பயம். கரும்புப் பாகு ஊற்றித் தரும் கத்தரிக்காய்ப் பொரியலை அம்மாவுக்கு நான் வாங்கவே இல்லை. கடும் ஆசாரம் பார்ப்பவர்களைப் போகச் சொல்லமாட்டேன்.

கோர்தோபா நகரத்திலிருந்து வந்த சல்மொரேஹோ என்ற கெட்டித் தக்காளிச் சாறும் நல்லது. மேலே முட்டையும் ஹமோன் துண்டும் தூவுவார்கள், ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். எதையும் முதலில் தாப்பா அளவில் வாங்குங்கள். பிடித்தால் பிறகு மெதியா ரசியோன், அதாவது அரைத் தட்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அம்மா 64 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. விசாவுக்காகத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு மூன்று முறை அலையவிட்டார்கள். வீட்டுப் பத்திரம், பென்ஷன் புத்தகம், என் சம்பளச் சீட்டு எல்லாம் கொடுத்தோம். பிறகும் "திரும்பி வருவீங்களா?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டானாம். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரிடம் கேட்கிற கேள்வியா அது? கடைசியில் கிடைத்தது ஆறே நாள். அதில் ஒரு சாயங்காலம் அந்த டூனா சாலடோடு போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.